லீ யோங் டே: ஆண்கள் இரட்டையரில் பெரிய தங்கம் ஏன் கைகூடவில்லை?

வலையோரம் (கேள்வி)

கொரியாவின் பேட்மின்டன் வீரர் லீ யோங் டே பற்றி விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் லீ ஹியோ ஜங்குடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் தங்கம் வென்றார். அப்போது வயது 19. ஜெயித்த கையோடு கேமராவைப் பார்த்துக் கண்ணடித்ததில் கொரியா முழுக்கப் பிரபலமானார். அதன்பின் 2016 வரை ஆண்கள் இரட்டையரில் உலகின் முன்வரிசையை விட்டு இறங்கவே இல்லை. ஆல் இங்கிலாந்து (பேட்மின்டனின் பழம்பெரும் போட்டி) பட்டம் 2008-லும் 2012-லும் கிடைத்தது. ஆனால் உலகச் சாம்பியன்ஷிப் தங்கம் ஒன்றுகூட இல்லை. ஒலிம்பிக் ஆண்கள் இரட்டையரிலும் 2012 வெண்கலத்தோடு சரி.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று.

பார்ட்னர் மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணமா, வேறு ஏதாவதா?

அவரை எல்லோரும் "முன்கோர்ட் ராஜா" (வலைக்கு அருகே ஆடுவதில் மன்னர்) என்கிறார்கள். பெய்ஜிங் இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பின்னால்தான் நிற்கிறார். எது சரி? அவர் ஆட்டத்தில் கிளப் அளவில் ஆடுகிறவர்கள் கற்றுக்கொள்ளக்கூடியது எது?

2014-ல் ஒரு வருடத் தடை வந்து பிறகு நீக்கப்பட்டது, 2016-ல் 28 வயதிலேயே தேசிய அணியை விட்டு விலகினார். இந்த இரண்டுக்கும் பின்னால் என்ன நடந்தது?

பின்கோடு

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் தேடும் முன் ஸ்கோரைப் பாருங்கள்.

2007 கோலாலம்பூர் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. லீயும் ஜங் ஜே சங்கும் இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ, ஹெந்த்ரா செத்தியவான் ஜோடியிடம் 19-21, 19-21. லீக்கு அப்போது 18 வயது.

2009 ஹைதராபாத் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. சீனாவின் சாய் யுன், ஃபூ ஹாய்ஃபெங்கிடம் 18-21, 21-16, 26-28. 21 பாயின்ட்டில் முடிய வேண்டிய, இழுபட்டாலும் முப்பதில் முடிந்தே தீர வேண்டிய கேம் 28 வரை போயிருக்கிறது.

2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதி. டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மொகென்சனிடம் 21-17, 18-21, 20-22.

2014 கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி. இப்போது பார்ட்னர் யூ யோன் சோங். தோற்றது சக கொரியர்களான கோ சங் ஹியூன், ஷின் பேக் சோலிடம்: 20-22, 23-21, 18-21.

2016 ரியோ காலிறுதி. மலேசியாவின் கோ வி ஷெம், டான் வீ கியோங்கிடம் 21-17, 18-21, 19-21.

ஐந்து ஆட்டம், ஒன்றில்கூட அடித்துத் துவைக்கப்படவில்லை. 2007-ஐத் தவிர மற்ற நான்கும் மூன்றாவது கேமுக்குப் போனவை. அந்த நான்கின் கடைசி கேம் வித்தியாசங்களைக் கூட்டினால் 2, 2, 3, 2, மொத்தம் ஒன்பதே பாயின்ட். அதனால் "பெரிய மேட்சில் பயந்துவிடுவார்" என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். பயந்தவர் மூன்றாவது கேமில் 26 வரை வரமாட்டார்.

பார்ட்னர் விஷயம். ஜங் ஜே சங் லீயைவிட ஆறு வயது மூத்தவர், உயரம் 168 செ.மீ. லீ 180. குள்ளமானவர் பின்னால் நின்று எம்பி எம்பி ஸ்மாஷ் (மேலிருந்து கீழே வேகமான அடி) அடிக்க, உயரமானவர் முன்னால் நின்று திரும்பி வரும் ஷட்டிலை வழியிலேயே வெட்டுவார். பார்க்கத் தலைகீழாகத் தெரியும், ஆனால் ஜங்கின் எம்புதலை ஒருமுறை பக்கவாட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். உயரத்தில் இருந்த குறையைத் தொடையில் சரிக்கட்டிவிட்டார். ஒரே ரேலியில் நாலைந்து ஜம்ப் ஸ்மாஷ் தொடர்ந்து அடிப்பார், கோணம் குறையாது. 2008 ஆல் இங்கிலாந்தில் சக கொரியர்களையும், 2012 ஆல் இங்கிலாந்தில் சாய் யுன், ஃபூ ஹாய்ஃபெங்கையும் இறுதியில் தோற்கடித்தது இந்த ஜோடிதான். லண்டனில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மலேசியாவின் கூ கியன் கீட், டான் பூன் ஹியோங்கை 23-21, 21-10 என்று வென்ற பிறகு ஜங் தேசிய அணியிலிருந்து விலகினார். 2018 மார்ச்சில், 35 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். கொரிய பேட்மின்டனுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

லண்டனுக்குப் பிறகு கோ சங் ஹியூனுடன் சுமார் ஒரு வருடம். 2013 கடைசியில் கொரிய பேட்மின்டன் சங்கம் ஜோடிகளைக் கலைத்துப் போட்டது: லீக்கு யூ யோன் சோங், கோவுக்கு ஷின் பேக் சோல். அதற்கு முன் கோவும் யூவும்தான் ஒரு ஜோடி என்பதைக் கவனியுங்கள். நான்கு பேரும் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர்கள். கோபன்ஹேகன் இறுதியில் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கோவுக்கு, லீயின் சர்வ் எங்கே வரும், மூன்றாவது ஷாட்டை எங்கே தேடிப் போவார் என்பதெல்லாம் கைரேகை மாதிரி தெரியும். இதை நான் முக்கியமான காரணமாக நினைக்கிறேன்.

யூவுடன் ஆடிய மூன்று வருடங்களில்தான் லீ அதிக காலம் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். 2014 துபாய் சூப்பர்சீரிஸ் ஃபைனல்ஸ் (வருடக் கடைசியில் முன்னணி ஜோடிகள் மட்டும் ஆடிய போட்டி) பட்டமும் இவர்களுக்கே. ஆக, பார்ட்னர் மாற்றம் ஆட்டத்தைக் கெடுத்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் வருடம் முழுக்க ஜெயித்த ஜோடியை வீடியோ போட்டுப் பார்த்து, ஒரு வாரத்துக்கு மட்டும் தயாராகி வருகிறவர்களிடம்தான் இவர்கள் தோற்றார்கள்.

தோற்கடித்தவர்கள் செய்ததில் பொதுவான ஒன்று இருக்கிறது, இது என் கணிப்பு. லீயை முன்னால் நிற்க விடக் கூடாது. அவர் ரிட்டர்ன் அடித்ததும் அவர் தலைக்கு மேலே, பேக்ஹேண்ட் பின்மூலைக்கு லிஃப்ட் (உயரத் தூக்கி அடிப்பது). அவர் பின்னால் போய் ஸ்மாஷ் அடிப்பார், நன்றாகவே அடிப்பார். ஆனால் அந்த நேரத்தில் முன்னால் வந்து நிற்பது யூவோ ஜங்கோ. அங்கே லீயின் கை இல்லை. 2007-ல் எதிரே முன்னால் நின்ற ஹெந்த்ரா செத்தியவான், லீக்குச் சமமான கை உள்ளவர். அதே ஹெந்த்ரா மொஹம்மத் அஹ்சனுடன் வந்து 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியிலும் மூன்று கேமில் லீ-யூவைத் தோற்கடித்தார். அந்த விளையாட்டில் ஆண்கள் அணிப் பிரிவுத் தங்கம் கொரியாவுக்குக் கிடைத்தது, அதில் லீயும் இருந்தார்.

பேக்ஹேண்ட்பிரியை

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். நீங்க பார்த்தது சரி, மத்தவங்க சொல்றதும் சரி. கலப்பு இரட்டையர்ல ஆம்பளை பின்னால, பொம்பளை முன்னால நிக்கிறதுதான் அடிப்படை அமைப்பு. அதுவும் லீ ஹியோ ஜங் 181 செ.மீ. உயரம். அவ்வளவு உயரமா ஒருத்தங்க வலைகிட்ட ராக்கெட்டைத் தூக்கிப் பிடிச்சு நின்னா எதிராளிக்கு நேரா டிரைவ் (தட்டையா, வேகமா) அடிக்கவே இடம் இருக்காது, தூக்கித்தான் ஆகணும். தூக்கினா பின்னால லீ ரெடி. இறுதியில நோவா விடியாந்தோ, லிலியானா நட்சிர் மாதிரி ஜோடியை 21-11, 21-17-ன்னு முடிச்சதுக்கு அந்த அமைப்புதான் காரணம். லீ ஹியோ ஜங் அந்த ஒலிம்பிக்ல பெண்கள் இரட்டையர் இறுதியும் ஆடி வெள்ளி வாங்கினவங்க. அவங்க பங்கைப் பேசாம அந்தத் தங்கத்தைப் பத்திப் பேசக் கூடாது.

ஆண்கள் இரட்டையர்ல லீயோட வேலையே வேற. அங்கே அவர் முன்கோர்ட். ஒரே ஆள் ரெண்டு வேலையையும் உலகத் தரத்துல செஞ்சார்ங்கறதுதான் அவரோட பெருமை.

கிளப்ல ஆடுறவங்க அவர்கிட்ட எடுத்துக்க வேண்டியது ஸ்மாஷ் இல்லை. டிஃபென்ஸும் முன்கோர்ட் வெட்டும்.

டிஃபென்ஸை முதல்ல பார்ப்போம். அவர் கையை மட்டும் பாருங்க, ஷட்டிலைப் பார்க்காதீங்க. எதிராளி எம்புற நேரத்துல அவரோட முழங்கை வயித்துக்கு முன்னால வந்து நிக்கும், ராக்கெட் தலை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கும், கட்டை விரல் கைப்பிடியோட அகலப் பக்கத்துல லேசா ஒட்டியிருக்கும். விரல்கள் தளர்வா இருக்கும். ஷட்டில் படுற கணத்துல மட்டும் இறுகும். ராக்கெட் பின்னால போகவே போகாது. மொத்த அசைவு ஒரு சாண், ஒண்ணரைச் சாண்தான். வலது கைக்காரரோட வலது இடுப்புக்கு வர்ற ஸ்மாஷைக்கூட அவர் பேக்ஹேண்ட்லதான் எடுப்பார், முழங்கையை வெளியே தள்ளி இடம் பண்ணிக்கிட்டு.

அங்கேயிருந்து அவர் தூக்க மாட்டார். தட்டையா டிரைவ் அடிப்பார், எதிர்ப்பக்க முன் ஆளோட தோளை ஒட்டி. ஸ்மாஷ் அடிச்சவர் இன்னும் தரைக்கே வந்திருக்க மாட்டார், முன் ஆள் கையை மாத்த நேரம் இல்லாம எப்படியோ தொட்டுத் தூக்குவார். டிஃபென்ஸ் அடுத்த ஷாட்லேயே அட்டாக்காயிடும். கொரிய இரட்டையரோட உயிர் இங்கேதான் இருக்கு.

இதைப் பழக ஒரு முறை. எதிர்ப் பக்கம் நடுக்கோர்ட்ல ஒருத்தர் 20 ஷட்டில் கையில வச்சுக்கிட்டு, தோள் உயரத்துலேர்ந்து கீழ்நோக்கி அடிக்கணும். வேகம் முக்கியமில்லை, இடைவெளி சீரா இருக்கணும். 20 ஷட்டில் ஒரு செட், மொத்தம் 6 செட், நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. முதல் ரெண்டு செட் வெறும் பிளாக் (வீசாம தடுத்து விடறது), ஷட்டில் வலையைத் தாண்டி ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்குள்ள விழணும், அதாவது வலையிலேர்ந்து 1.98 மீட்டருக்குள்ள. அடுத்த ரெண்டு செட் டிரைவ் மட்டும். கடைசி ரெண்டுல டிரைவ் அடிச்சதும் ஒரு எட்டு முன்னால வந்து அடுத்த ஷட்டிலை வலைகிட்ட எடுக்கணும். இந்த ஒரு எட்டைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. டிரைவ் நல்லா அடிச்சுட்டு அங்கேயே நின்னா அட்டாக் வேற ஆளுக்குப் போயிடும்.

தப்பு எங்கே வரும்னா, ஷட்டில் வலைக்கு மேல ரெண்டு சாணுக்கு மேல எழும்பினா நீங்க லேட்டா தொட்டிருக்கீங்க, இல்லை மணிக்கட்டால கரண்டியில அள்ற மாதிரி அள்ளியிருக்கீங்க. தொடுற இடத்தை உடம்புக்கு முன்னால கொண்டு வாங்க. ஷட்டில் வலையில மாட்டினா பிடி முன்கூட்டியே இறுகிடுச்சு. பக்கவாட்டுல வெளியே போனா காலை நகர்த்தாம கையை மட்டும் நீட்டியிருக்கீங்க.

ரெண்டு பேரும் பக்கம் பக்கமா நிக்கும்போது 6.1 மீட்டர் அகலத்தைச் சரிபாதியாப் பிரிச்சு நிக்காதீங்க. ஸ்மாஷ் அடிக்கிறவருக்கு நேரா நிக்கிறவர் கோட்டையும் தன் உடம்பையும் பார்த்துக்கணும். குறுக்கே நிக்கிறவர் நடுவுக்கு ஒரு எட்டு, முன்னால அரை எட்டு. குறுக்கே வர்ற ஸ்மாஷ் தூரம் அதிகம், வேகம் குறைஞ்சுதான் வரும், அதனால முன்னாலேயே வெட்டிடலாம். லீயும் யூவும் டிஃபென்ஸ்ல நிக்கிறதைப் பாருங்க, ரெண்டு பேரையும் இணைக்கிற கோடு எப்பவும் சாய்வாத்தான் இருக்கும்.

முன்கோர்ட் வெட்டு. நிக்கிற இடம் ஷார்ட் சர்வீஸ் கோட்டுக்குச் சற்றுப் பின்னால, கோட்டு மேலேயே இல்லை. கோட்டு மேல ஒட்டி நின்னா வலையை ஒட்டி விழற ஷாட்டுக்கு மட்டும்தான் பயன்படுவீங்க, தட்டையா வர்ற டிரைவ் தலையைத் தாண்டிப் போயிடும். ராக்கெட் தலை வலையோட மேல்விளிம்பு உயரத்துல இருக்கணும், நடுவுல 1.524 மீட்டர். பாதிப் பேர் ரேலி நீள நீளக் கையை இறக்கிடுவாங்க. இறங்கின கையைத் தூக்கி அடிக்கிற அந்த நேரத்துக்குள்ள ஷட்டில் வலைக்குக் கீழே இறங்கியிருக்கும். லீயோட கை 40 ஷாட் ரேலியிலும் இறங்காது.

வெட்டும்போது ஷட்டிலை அடிக்க வேண்டாம், தடுத்துக் கீழே திருப்பினா போதும். வேகம் எதிராளி கொடுத்தது. ஷட்டில் உங்க பக்கம் வந்தபிறகு தொட்டுட்டா ராக்கெட் வீச்சுல வலைக்கு மேல அந்தப் பக்கம் போனாலும் தப்பில்லை. வலையைத் தொட்டாத்தான் ஃபால்ட்.

கொரிய அணிக்கு விக்டர் நிறுவனம் ஸ்பான்சரா இருந்த காலத்துல லீ அவங்களோட ப்ரேவ் சோர்ட் வரிசை ராக்கெட் வச்சிருந்தார், அவர் பேர்லேயே ஒண்ணு வந்தது. தலை கனமில்லாத, காற்றைச் சீக்கிரம் வெட்டுற சட்டம். முன்கோர்ட் ஆளுக்கு இப்படிப்பட்டதுதான் ஏத்தது. தலை கனமான ராக்கெட்ல டிஃபென்ஸ் பழக ஆரம்பிச்சீங்கன்னா மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

வலையோரம்

மிக்க நன்றி இருவருக்கும். "ரெண்டு பேரையும் இணைக்கிற கோடு சாய்வா இருக்கும்" என்பது இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. தடை விவகாரம் பற்றி யாராவது? ஊக்கமருந்து என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹான் நதி

ஊக்கமருந்து எதுவும் இல்லை. அவருடைய எந்தச் சோதனையிலும் எதுவும் சிக்கியதாலும் அல்ல, சோதனைக்கு மறுத்ததாலும் அல்ல அந்தத் தடை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு மனிதரின் பெயர் சம்பந்தப்பட்டது.

முன்னணி ஆட்டக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் இருப்பிடத் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் எங்கே தங்குகிறார்கள், எந்த 60 நிமிடத்தில் எந்த இடத்தில் கட்டாயம் இருப்பார்கள் என்பது அதில் இருக்கும். அந்த நேரத்தில் சோதனையாளர் வந்து ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. பதிவையே சரியாகச் செய்யாவிட்டாலும் ஒரு தவறு. அப்போதைய விதிப்படி 18 மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால் தடை. 2015 முதல் அது 12 மாதத்தில் மூன்று என்று மாறியது.

லீக்கும், இன்னொரு கொரிய இரட்டையர் ஆட்டக்காரரான கிம் கி ஜங்குக்கும் 2013-ல் மூன்றும் சேர்ந்துவிட்டன. மார்ச்சிலும் நவம்பரிலும் சோதனையாளர்கள் டேருங் தேசியப் பயிற்சி மையத்துக்குப் போனபோது இவர்கள் அங்கே இல்லை. செப்டம்பரில் பதிவு செய்ததில் தவறு. ஆனால் இந்தப் பதிவுகளை ஆட்டக்காரர்கள் தாங்களே செய்யவில்லை, கொரிய பேட்மின்டன் சங்கம் அவர்கள் சார்பில் செய்துவந்தது. தகவல் சங்கத்துக்கு வரும், சங்கத்திலிருந்து ஆட்டக்காரருக்குப் போக வேண்டும். அந்த இடத்தில்தான் அறுந்தது. 2014 ஜனவரியில் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு ஒரு வருடம் தடை விதித்தது. சங்கம் தன் நிர்வாகத் தவறை ஒப்புக்கொண்டு ஆதாரங்களோடு முறையிட, ஏப்ரலில் விசாரணைக் குழு தடையை நீக்கியது. அபராதம் 40,000 டாலர் சங்கத்தின் தலையில் விழுந்தது. தடை நீங்கியதால்தான் அந்த ஆண்டு கோபன்ஹேகன் இறுதியும் இஞ்சியோனும் அவருக்குச் சாத்தியமாயின.

நடைமுறையில் இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று. விதிப்படி பொறுப்பு கடைசியில் ஆட்டக்காரருடையது. யாரை வைத்துப் பதிவு செய்தாலும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் கடைசிப் பார்வையும் தன்னிடம் இருக்க வேண்டும். பயிற்சி முகாமிலிருந்து போட்டிக்குக் கிளம்பும் நாள், போட்டியில் சீக்கிரம் தோற்றுத் திரும்பும் நாள், இந்த இரண்டு நாட்களில்தான் தகவல் பழசாகிப்போகும்.

28 வயதில் விலகியது பற்றி. கொரியாவில் ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது எளிதில் புரியும். பள்ளி, பிறகு நேராக நிறுவன அணி அல்லது பல்கலைக்கழகம் வழியாக நிறுவன அணி. சம்பளம் தருவது நிறுவனமோ நகராட்சியோதான், சங்கம் அல்ல. லீ தென் ஜொல்லா மாகாணத்தின் ஹ்வாசுன் ஊர்க்காரர். அந்த ஊரில் இன்று அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. பள்ளி முடித்ததும் சாம்சங் எலக்ட்ரோ-மெக்கானிக்ஸ் அணி, 2017-ல் யோனெக்ஸ் அணி. தேசிய அணியில் இருக்கிறவர்கள் வருடத்தின் பெரும்பகுதியைத் தேசியப் பயிற்சி மையத்தில் கழிப்பார்கள். முன்பு சியோலின் டேருங், இப்போது ஜின்சோன். பதினேழு பதினெட்டு வயதிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் அந்த விடுதி வாழ்க்கை.

ராணுவச் சேவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரிய ஆண்களுக்கு அது கட்டாயம். ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமானாலும், ஆசிய விளையாட்டில் தங்கமானாலும், அடிப்படைப் பயிற்சியோடு விட்டுவிடுவார்கள், விளையாட்டிலேயே இருக்கலாம். லீக்கு 19 வயதிலேயே அது முடிந்துவிட்டது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் லீ ஹியோ ஜங்குடன் கலப்புத் தங்கம் வென்ற ஷின் பேக் சோலுக்கும் அதே சலுகை. இது கிடைக்காதவர்கள் உடல் உச்சத்தில் இருக்கும் வயதில் ராணுவ விளையாட்டு அணிக்கோ சாதாரணச் சேவைக்கோ போக வேண்டும். லீ பத்து வருடம் இடைவெளி இல்லாமல் ஆடியதற்கு அந்த ஒரு தங்கம் காரணம். ஒலிம்பிக் தங்கத்துக்கு மாதம் 10 லட்சம் வோன் ஓய்வூதியமும் உண்டு.

ரியோவுக்குப் பிறகு, 2016 அக்டோபரில், சோங்நாமில் நடந்த கொரிய ஓபனே தேசிய அணிக்கான தன் கடைசிப் போட்டி என்று அறிவித்துவிட்டு ஆடினார். இறுதியில் சீனாவின் லி ஜுன்ஹுய், லியு யுசென்னைத் தோற்கடித்து யூவோடு பட்டம் வாங்கினார். சொந்த மண்ணில், முதலிடத்தில் இருக்கும்போதே விடைபெற்றார். அப்படி விடைபெறும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அடுத்து வந்ததுதான் சிக்கல். தேசிய அணியில் இல்லாத ஆண்கள் 31 வயதுக்கு முன், பெண்கள் 29 வயதுக்கு முன் சர்வதேசப் போட்டிகளில் தனியாக ஆடக் கூடாது என்று சங்கத்தின் விதி. தேசிய அணியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் கழன்றுவிடாமல் இருக்கப் போட்டது. லீ, கோ சங் ஹியூன் உள்ளிட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள், 2018-ல் ஆட அனுமதி கிடைத்தது. 2019-ல் சங்கம் வயதை ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 27 என்று குறைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்ற அன்றே ஆன் சே யங் சங்கத்தை வெளிப்படையாக விமர்சித்த பிறகு இந்த விதியும், நிறுவன அணிகளின் சம்பள உச்சவரம்பும் சந்திக்கு வந்தன. உயர்நிலைப் பள்ளி முடித்துச் சேர்பவருக்கு ஏழு வருட ஒப்பந்தம், முதல் வருடச் சம்பளம் 5 கோடி வோனுக்கு மேல் போகக் கூடாது, மூன்று வருடத்துக்கு வருடம் 7 சதவீதம் மட்டுமே உயர்வு என்று அப்போது விதி இருந்தது. அந்த வயது விதிக்கு எதிராக முதலில் நீதிமன்றப் படியேறியவர்களில் லீ ஒருவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

திரும்பி வந்து, அதே தடையை அனுபவித்த கிம் கி ஜங்கோடு சேர்ந்து 2018 மக்காவ் ஓபனையும் 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸையும் வென்றார். மலேசியாவில் இறுதியில் எதிரே நின்றது மறுபடியும் லி ஜுன்ஹுய், லியு யுசென். லீக்கு அப்போது 31.

இடதுகை

பின்கோடு சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். கோபன்ஹேகனில் பழைய பார்ட்னர் எதிரே நின்றது உண்மைதான், ஆனால் அதை முக்கியக் காரணமாக்க முடியாது. அதே அளவு லீக்கும் கோவைத் தெரியும். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

நான் பார்க்கும் காரணம் ஸ்கோர் முறை. 2006 முதல் 21 பாயின்ட், எல்லா ரேலிக்கும் பாயின்ட். லீயின் சர்வதேச வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் இதற்குள். அதற்கு முன் சர்வ் கையில் இருந்தால்தான் பாயின்ட் என்ற முறையில் கொரியாவின் பார்க் ஜூ போங், கிம் மூன் சூ ஜோடியும், கிம் டோங் மூன், ஹா டே க்வோன் ஜோடியும் பின்தங்கினாலும் பொறுமையாக ஏறி வர முடிந்தது. முதல் ஜோடி 1992 பார்சிலோனாவிலும் அடுத்தது 2004 ஏதென்ஸிலும் தங்கம் வாங்கியது. டிஃபென்ஸை நம்பி நீளமாக ஆடும் ஜோடிக்கு அந்த முறை சாதகம். 21 முறையில் 18-18 என்று நின்றால் மூன்று நல்ல சர்வ், மூன்று நல்ல ரிட்டர்ன், ஆட்டம் முடிந்தது. யார் சிறந்தவர் என்பது அந்த மூன்று ரேலியில் தெரியாது. மேலே போட்டிருக்கும் ஸ்கோர்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

பார்ட்னர் மாற்றத்தைக் குறையாகச் சொல்பவர்களுக்கு இன்னொரு உதாரணம்: இன்றைய கொரியர் சோ சுங் ஜே. 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் காங் மின் ஹியூக்கோடு ஆண்கள் இரட்டையர், சே யூ ஜங்கோடு கலப்பு இரட்டையர், இரண்டும் தங்கம். 2025-ல் பார்ட்னர் கிம் வோன் ஹோ என்று மாறியது. ஆல் இங்கிலாந்து, பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப் உட்பட ஒரே வருடத்தில் 11 பட்டம். கிம் வோன் ஹோவின் அம்மா கில் யங் ஆ, 1996 அட்லாண்டாவில் கிம் டோங் மூனோடு கலப்புத் தங்கம் வென்றவர். அந்தக் கிம் டோங் மூன்தான் 2025 முதல் சங்கத்தின் தலைவர்.

பின்கோடு

இடதுகை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்கோர் முறையை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் லிஃப்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கடைசி பாயின்ட்களில் லீயைப் பின்னால் தள்ளுவதற்கு ஒரு நல்ல லிஃப்ட் போதும், மூன்று ரேலிக்கு மூன்று லிஃப்ட். 21 முறை இருந்ததால்தான் அந்தத் தந்திரம் அவ்வளவு பலித்தது என்று வேண்டுமானால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வலையோரம்

எந்த ஆட்டத்தை எந்த வரிசையில் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படும்?

பேக்ஹேண்ட்பிரியை

2008 பெய்ஜிங் இறுதியை முதல்ல பாருங்க, லீ பின்னால நிக்கிறப்போ எப்படின்னு தெரியும். அடுத்து 2012 லண்டன் அரையிறுதி, முன்னால நிக்கிற லீ. மூணாவதா 2014 கோபன்ஹேகன் இறுதி. மூணாவது கேமை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. முதல் தடவை, லீ முன்னால இருந்தப்போ முடிஞ்ச ரேலி எத்தனை, பின்னால இருந்தப்போ முடிஞ்சது எத்தனைன்னு ஒரு தாள்ல ரெண்டு பத்தி போட்டுக் கோடு இழுங்க. யார் பாயின்ட் எடுத்தாங்கன்னும் பக்கத்துல குறிச்சுக்கங்க. பின்கோடு சொல்றது சரியா இல்லையான்னு அந்தத் தாளே காட்டிடும். ரெண்டாவது தடவை ஷட்டிலை விட்டுட்டு லீயோட வலது முழங்கையை மட்டும் பாருங்க. வேகத்தைப் பாதியாக் குறைச்சு வச்சுக்கங்க, இல்லைன்னா கண்ணு தானா ஷட்டில் பின்னால ஓடிடும்.